காய்ந்த காற்று என்ன விலை?

நாற்பது நிமிஷத்தில் மாப்பிள்ளை பதினோரு சொட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோராவது சொட்டு குழாய் நுனிக்கு வந்து, விழலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்து, ஒரு வழியாக விழுந்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. அடுக்குமாடி கட்டி விற்கும் அந்தக் கம்பெனியின் மேனேஜர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“எங்க வீட்டு ஏசி பைப்பு இதைவிட நல்லா ஒழுகும்மா,” என்றார். கிண்டலாகக்கூட இல்லை. யாரோ உடம்பு சரியில்லாதவரைப் பற்றி விசாரிப்பது மாதிரி அக்கறையோடு சொன்னார்.

அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளையின் தலைக்கு நேர் மேலே ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அந்த அறையிலிருந்த ஈரத்தையெல்லாம் அது ஒட்ட உறிஞ்சி வெளியே தள்ளியிருக்கிறது. மிச்சம் மீதியைத்தான் மாப்பிள்ளை தேடிப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறார். இருபது வருஷமாக ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் பார்க்கிறவள், பேச்சு மும்முரத்தில் இதைப் போய் கோட்டை விட்டிருந்தாள்.

அவளை அந்தத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிடும். உண்மையில் அவள் ஒருத்திக்குத்தான் அண்ணி. அந்த ஒருத்தி பக்கத்தில் வாயைப் பிளந்தபடி நின்றிருந்தாள். கணவனின் தங்கை. ரசாயனம் படித்து, ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் ஆறு வருஷம் தலையைக் கொடுத்து, ஒரு வெள்ளைப் பவுடரைக் கண்டுபிடித்தவள். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பெயரே பவுடர்தான். முகத்துக்கு அவள் பவுடர் போட்டு யாரும் பார்த்ததில்லை.

காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தைப் பவுடரின் பவுடர் இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடு காட்டினால் பிடித்ததையெல்லாம் விட்டுவிடும். விட்ட ஆவியைக் குளிர்ந்த குழாய் வழியாக அனுப்பினால் தண்ணீர். ஆராய்ச்சிக் கூடத்துக்காரர்கள் “நல்ல விஷயம்தான்” என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனபோது, அவள் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு ஒரு ஜாடியோடு வீட்டுக்கு வந்தாள். ஜாடி அண்ணியின் பட்டறையில், விட்டு விட்டு ஓடிச் சூடாகிற ஒரு பழைய கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. மூன்றாம் நாள் மேஜையடியில் தண்ணீர் தேங்கி நின்றது. எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று அண்ணி ஒரு மணி நேரம் தேடினாள். கடைசியில் சரியாக மூடாமல் கிடந்த ஜாடியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், மறுபடி ஜாடியைப் பார்த்தாள்.

“இது காத்துலேர்ந்தா?”

“அதைத்தான் அண்ணி ஆறு வருஷமா சொல்லிட்டு இருக்கேன்.”

“நீ சொன்னதெல்லாம் இங்கிலீஷ்ல. இப்பத்தான் புரியுது.”

அப்படிப் பிறந்ததுதான் இந்த இயந்திரம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் அளவு இருக்கும். செத்துப்போன மூன்று ஃப்ரிட்ஜ்களின் உறுப்புகள் அதற்குள் உயிரோடு இருந்தன. மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அண்ணியின் கணவன். பார்சல் வண்டி ஓட்டுகிறவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். “கூடத்துக்கு நடுவுல உட்கார்ந்துக்கறாரு. கரண்டை மூக்கு முட்டக் குடிக்கறாரு. வேலைன்னு கேட்டா முறுக்கிக்கறாரு. ஆனா நாம யாரும் சத்தம் போட்டு ஒரு வார்த்தை கேட்க முடியல. இவர் மாப்பிள்ளை இல்லாம வேற யாரு?” என்றான். அன்றிலிருந்து மரியாதைப் பன்மைதான்.

கரண்ட் விஷயத்தில் அவன் சொன்னது நிஜம். பவுடரைச் சூடாக்க ஹீட்டர் வேண்டும், ஹீட்டர் கரண்டைத் தின்னும். மாப்பிள்ளை ஒரு குடம் தண்ணீர் கொடுப்பதற்குள் கடைக்குப் போய் நாலு கேன் வாங்கி வந்து, அதில் ஒன்றைக் குடித்தும் முடித்துவிடலாம். இதையேதான் உடற்பயிற்சிக் கூடத்துக்காரர் சொன்னார், பள்ளிக்கூடத்துக்காரர் சொன்னார், மலைமேல் விடுதி நடத்துகிறவர் போனில் சொன்னார். அடுக்குமாடி மேனேஜர் ஏழாவது ஆள்.

மாப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, லிஃப்ட்டில் இறக்கி, பார்சல் வண்டிக்குள் படுக்கவைத்தார்கள். மூவரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.  முதல் சிக்னலைத் தாண்டியதும் பவுடர் மெதுவாக, “பதினோரு சொட்டு,” என்றாள்.

“பன்னெண்டு,” என்றான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன். “கடைசியா ஒண்ணு லிஃப்ட்டுக்குள்ள விட்டாரு. நான் பார்த்தேன்.”

அண்ணிக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியவில்லை. பவுடர் அவள்மேல் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அவனும் சிரித்தான். ஏழு பேர் கதவைச் சாத்திய பிறகு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், இரண்டில் எது முதலில் வந்ததோ அதைச் செய்தார்கள்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு ஐந்து நாள் பெய்தும் ஓயவில்லை. ஆறாம் நாள் காலை பட்டறைக்கு ஒரு போன் வந்தது. ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடத்திலிருந்து. தொழிலாளர்கள் தண்ணீர் குடிக்கும் கூலர் கெட்டுவிட்டதாம். அண்ணி கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கூலர் பத்து நிமிஷ வேலை. முடித்துவிட்டுக் கையைத் துடைக்க இடம் தேடியவள், தவறான கதவைத் திறந்து உலர்த்தும் கூடத்துக்குள் நுழைந்துவிட்டாள். நுழைந்தவுடன் யாரோ முகத்தில் ஈரத்துண்டைப் போட்டது மாதிரி இருந்தது. நீளமான கூடம். கயிறு கயிறாக வெள்ளை விரிப்புகள், ஒன்றுக்குப் பின் ஒன்று, கண் போகிற தூரம் வரை. மேலே எட்டு ஃபேன் ஓடியது. சுழன்றதெல்லாம் ஈரக் காற்றுதான். சுவர் வியர்த்து வழிந்தது. கூரைத் தகரத்திலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. கடைக்கோடியில் இஸ்திரி மேஜைகள். அங்கே நின்ற பெண்கள் பனிமூட்டத்தில் நிற்கிற மாதிரி அரையும் குறையுமாகத் தெரிந்தார்கள்.

அண்ணி சுவரோரமாக நடந்தாள். பக்கத்து அறை பாய்லரின் புகையை வெளியேற்றும் தகரக் குழாய் ஒன்று, இடுப்பு உயரத்தில் சுவரை ஒட்டி ஓடி, ஜன்னல் வழியாக வெளியே போனது. புறங்கையை அதன் அருகே கொண்டுபோனாள். தொடுவதற்கு முன்பே கை தானாகப் பின்வாங்கியது. அவ்வளவு சூடு. இத்தனை சூடும் மழைக்குள் போய் வீணாகிக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கம் ஈரம். அந்தப் பக்கம் இலவசச் சூடு. நடுவில் ஒரு மாப்பிள்ளைக்குத்தான் இடம் காலியாக இருந்தது. அண்ணி அந்த இடத்தைச் சாண் சாணாகக் கண்ணாலேயே அளந்தாள். 

“யாரு நீங்க? துணிக்குள்ள என்ன பண்றீங்க?”

விரிப்பை விலக்கிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை மடித்த சட்டைக் கை, கழுத்தில் தொங்கும் சாவிக்கொத்து. சலவைக்கூடத்தின் முதலாளியம்மா. கேள்வி கேட்டுக்கொண்டே பக்கத்திலிருந்த விரிப்பை இழுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தார்.

“கூலர் ரிப்பேர் பண்ண வந்தேங்க. முடிஞ்சது. ஒரு விஷயம் கேட்கலாமா? இந்த ஷீட்டு காய எவ்வளவு நேரம் ஆகும்?”

“வெயில் காலத்துல நாலு மணி நேரம். இப்ப நேத்துக் காலைல போட்டது இன்னும் ஈரமா இருக்கு. ட்ரையர் ரெண்டுதான் இருக்கு, அது துண்டுக்கே போதல. ஆஸ்பத்திரில படுக்கையை வெறுமனே போட்டு வெச்சிருக்காங்களாம், மணிக்கு ஒரு போன்.”

“நாளைக்கு ஒரு நாள் எனக்கு இந்தச் சுவரோரம் இடம் குடுங்க. ஒரு மெஷின் கொண்டாந்து வெக்கறேன். காசு வேண்டாம். சரியா வரலைன்னா சாயங்காலமே தூக்கிட்டுப் போயிடறேன்.”

முதலாளியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எதையாவது உடைச்சா?”

“உடைச்சா சரி பண்ணிக் குடுப்பேன். அதானே என் தொழில்.”

அது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். “வழியை மறைக்காம வை,” என்று சொல்லிவிட்டு அடுத்த விரிப்புக்குப் போய்விட்டார்.

பட்டறைக்குத் திரும்பிய அண்ணி, கருவிப்பையைக் கீழே வைக்காமலேயே மாப்பிள்ளையின் முதுகைத் திறந்து ஹீட்டரைப் பிடுங்கிப் போட்டாள். பவுடர் பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

“அண்ணி, அதுதான் அவரோட உசுரு.”

“அதுதான் அவரோட வியாதி. பேசாம அந்தத் தகரத்தைப் பிடி.”

சாயங்காலம் வரை தகரம் வெட்டி வளைத்தார்கள். புகைக்குழாயைக் கட்டிப்பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு உறை. உறையிலிருந்து சூடான காற்று மாப்பிள்ளையின் வயிற்றுக்குப் போக ஒரு குழாய். மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தி, எல்லாவற்றையும் பூட்டி, தண்ணீர் வரும் குழாய்க்கு அடியில் ஒரு பக்கெட்டை வைத்தார்கள். அண்ணி ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மாப்பிள்ளையின் விலாவில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். உள்ளே நிம்மதியான ஒரு உறுமல்.

முதல் பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பவுடர் நகத்தைக் கடித்தாள். பிறகு ஒரு சொட்டு. இன்னொன்று. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே இடைவெளி குறைந்தது, பிறகு இடைவெளியே இல்லை. சொட்டு நூலானது, நூல் கயிறானது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளப் பயந்தார்கள். பார்த்தால் சிரித்துவிடுவோம், சிரித்தால் நின்றுவிடும் என்று ஒரு பயம்.

பக்கெட் நிறைந்தது. இன்னொரு பக்கெட் வைத்தார்கள். அதுவும் நிறைந்தது. பவுடர் சோப்பு மக்கைப் பிடித்தாள், அண்ணி கருவிப்பெட்டியைக் காலி செய்து பிடித்தாள். இஸ்திரி போடுகிற பெண் ஒருத்தி தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி நீட்டினாள். கடைசியில் சலவைப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற வாஷிங் மாஸ்டர், வாயில் பீடி இல்லாத குறையாக முணுமுணுத்துக்கொண்டே, பெரிய நீல டிரம் ஒன்றை உருட்டி வந்து குழாய்க்கடியில் வைத்தார்.

“எங்கேர்ந்து வருது?” என்றார்.

“காத்துலேர்ந்து,” என்றாள் பவுடர்.

“சரி சொல்லாதீங்க,” என்று போய்விட்டார்.

மதியத்துக்குள் கூடம் மாறிக்கொண்டிருந்தது. சுவர் வியர்ப்பது நின்றது. கூரையிலிருந்து சொட்டவில்லை. தொங்கிக்கிடந்த விரிப்புகள் ஃபேன் காற்றில் எழும்பி ஆட ஆரம்பித்தன. பவுடர் அதையெல்லாம் கவனிக்கவில்லை, டிரம்மின் அளவுக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா வந்ததும் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு, இரண்டு கையாலும் நீட்டினாள்.

முதலாளியம்மா டம்ளரை வாங்கவில்லை. அவளைத் தாண்டிப் போய் ஒரு விரிப்பை இழுத்துக் கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடினார். அடுத்த விரிப்பு. அதற்கடுத்தது. கயிறு கயிறாகப் போனார். வலது கன்னம் போதாமல் இடது கன்னத்திலும் வைத்துப் பார்த்தார்.

“காஞ்சிடுச்சு,” என்றார், யாரோ ரகசியம் சொன்னதைத் திருப்பிச் சொல்வது போல. “மழை பெய்யுது, துணி காஞ்சிடுச்சு.”

“மேடம், தண்ணி,” என்றாள் பவுடர்.

“தண்ணி எனக்கு எதுக்கும்மா? குழாயைத் திறந்தா கொட்டுது. இந்தக் காஞ்ச காத்து என்ன விலை?”

அண்ணிக்குத் தரை இரண்டு அங்குலம் கீழே போன மாதிரி இருந்தது. ஏழு பேரிடம் தண்ணீரை விற்கப் போய், ஏழு பேரும் வேண்டாம் என்றார்கள். இந்தம்மா தண்ணீர் போன பிறகு மிஞ்சியதை விலைக்குக் கேட்கிறார். எவ்வளவு சொல்வது, எப்படிச் சொல்வது என்று மனசு தாறுமாறாகக் கணக்குப் போட ஆரம்பித்தபோது, டம்ளரை மாப்பிள்ளையின் தலைமேல் ணங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது.

“இது விக்கறதுக்கு இல்ல,” என்றாள் பவுடர்.

முதலாளியம்மா அண்ணியைப் பார்த்தார். அண்ணி, “ஒரு நிமிஷங்க,” என்று சொல்லி நாத்தனாரின் கையைப் பிடித்து விரிப்புகளுக்கு நடுவே இழுத்துப் போனாள். நாலு பக்கமும் வெள்ளைத் துணி. சண்டை போட வசதியான இடம்.

“உனக்கு என்ன பைத்தியமா? எட்டாவதா ஒருத்தங்க வேணும்னு சொல்றாங்க.”

“என்ன வேணும்னு சொல்றாங்க அண்ணி? ஆறு வருஷம் தண்ணிக்காகப் படிச்சேன். தண்ணி இல்லாத இடத்துல தண்ணி வரணும்னு கண்ணு முழிச்சேன். துணி காயப்போடற கயிறா ஆகறதுக்கா?”

“கயிறு ஒண்ணும் கேவலம் இல்ல.”

“நீங்க பேசுவீங்க. டம்ளரைத் தொடக்கூட இல்ல அந்தம்மா.” விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கினாள். “ஒரு வாய் குடிச்சிட்டாவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்.”

 அண்ணிக்குக் கோபம் இருந்த இடத்தில் பாவமாக இருந்தது. விரிப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. இஸ்திரி மேஜைக்காரிகள். ஒருத்தி கண்ணாடி போட்டவள். இந்த ஈரத்தில் அவள் கண்ணாடி எப்போதும் மூடுபனிதான். கழற்றினாலும் தெரியாது, போட்டாலும் தெரியாது.

“ஏய், உன் தாடையில மச்சம் இருக்கா என்ன?” என்றாள் அவள்.

“பொறந்ததுலேர்ந்து இருக்கு,” என்றாள் எதிர் மேஜைக்காரி.

“ஒன்பது வருஷமா எதிர்ல நிக்கறேன். இன்னிக்குத்தான் தெரியுது. இரு, திரும்பு. அழகாத்தாண்டி இருக்கே நீ. நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன்.”

“எந்த மாதிரி நினைச்சே?”

“குரலை வெச்சுக் கொஞ்சம் குண்டா நினைச்சேன்.”

மேஜைகள் பக்கம் கொல்லென்று சிரிப்பு எழுந்தது. ஒவ்வொருத்தியும் அடுத்தவள் முகத்தைப் பார்த்து ஏதோ கண்டுபிடித்துச் சொல்ல ஆரம்பித்தாள். பவுடர் விரிப்பின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.  சில நேரம் பேசாமல் இருப்பதுதான் நல்ல ரிப்பேர் என்று அண்ணிக்குத் தெரியும்.

“காஞ்ச காத்தும் தேவையாத்தான் இருக்கும் போல,” என்றாள் பவுடர் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “ஆனா எனக்கு இன்னும் கோபம்தான்.”

“கோபத்தோடவே வா. விலையை நான் பேசறேன்.”

பேசுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. அவர்கள் விரிப்புகளுக்குள் இருந்தபோது முதலாளியம்மா, “இந்த டிரம் வழியில நிக்குது, எங்கேயாவது ஊத்துங்க,” என்று சொல்லியிருக்கிறார். வாஷிங் மாஸ்டர் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிப் பழக்கமில்லாதவர். டிரம்மை மெதுவாக நகர்த்திக்கொண்டு போய், மூன்றாம் நம்பர் மெஷினுக்குக் குழாயை மூடிவிட்டு, அத்தனை தண்ணீரையும் அதற்குள் விட்டார். ஊழியர்களின் மேலங்கிகளைப் போட்டார். என்றைக்கும் போடுகிற மாதிரி நாலு மக் சோப்புப் பவுடர் போட்டார். பட்டனைத் தட்டினார்.

சலவைப் பகுதியிலிருந்து முதலில் ஒரு கத்தல் கேட்டது.

“பவுடர் ஜாஸ்தியாயிடுச்சு.”

“நான் என்ன பண்ணினேன்?” என்று பவுடர் திரும்பினாள்.

மூன்றாம் நம்பர் மெஷினின் சோப்புத் தட்டு தானாகத் திறந்துகொண்டிருந்தது. அதிலிருந்து நுரை, பால் பொங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல் வெளியே வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் தட்டை உள்ளே தள்ளினார். நுரை மெஷினின் பின்பக்கக் காற்றுத் துவாரத்தைக் கண்டுபிடித்தது. மாஸ்டர் பின்னால் ஓடினார், தட்டு மறுபடி திறந்தது. நுரை தரையில் இறங்கி, படி இறங்குகிற குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கி, உலர்த்தும் கூடத்தை நோக்கி வந்தது. கணுக்கால், முழங்கால். இஸ்திரிக்காரிகள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி துடைப்பத்தால் தள்ளினாள், நுரை துடைப்பத்தை விழுங்கியது. இன்னொருத்தி கையில் ஒரு மலை அள்ளி, மச்சக்காரியின் தலைமேல் வைத்தாள். அதற்குப் பிறகு அங்கே ஒழுங்காக வேலை செய்தவர் யாரும் இல்லை.

“மெயினை அணைங்க,” என்று முதலாளியம்மாவின் குரல் வந்தது. மெஷின் நின்றது. நுரை இன்னும் கொஞ்ச நேரம் வந்துவிட்டு நின்றது. இடுப்பு வரை வெள்ளையோடு முதலாளியம்மா நடந்து வந்தார்.

“என்னத்தைக் கலந்தீங்க அந்தத் தண்ணில?”

எல்லாரும் பவுடரைப் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. குனிந்து ஒரு கை நுரையை அள்ளினாள். விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். அண்ணி மனசுக்குள், மாப்பிள்ளை மானத்தை வாங்கிவிட்டார் என்றுதான் நினைத்தாள். அப்போது பவுடரின் உதட்டோரம் லேசாக நெளிந்தது. தோள் குலுங்கியது. நுரைக்கு நடுவே நின்றுகொண்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“ஒண்ணும் கலக்கல மேடம். அதுல ஒண்ணுமே இல்ல. அதான் விஷயம். உங்க குழாய்த் தண்ணி உப்புத்தண்ணி. நீங்க போடற சோப்புல பெரும்பாதியை அந்த உப்பு தின்னுட்டு இருந்திருக்கு. மிச்சம்தான் துணிக்கு. இது மழைத்தண்ணி மாதிரி, உப்பே கிடையாது. நாலு மக்கும் நுரையாயிடுச்சு.”

 முதலாளியம்மாவின் மூக்கு நுனியில் ஒரு துளி நுரை.

“அப்ப எத்தனை மக் போதும்?”

“ஒண்ணு. ஒண்ணே ஜாஸ்தி.”

முதலாளியம்மா மாஸ்டரைப் பார்த்தார். நுரையைப் பார்த்தார். இத்தனை வருஷம் வாங்கிக் கொட்டிய சோப்பு மூட்டைகள் அவர் கண்ணுக்குள் வரிசையாகப் போயிருக்க வேண்டும். தும்மல் வருகிற மாதிரி முகம் கோணியது. வந்தது சிரிப்பு. அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது, மாஸ்டர் பயந்துபோய் நாற்காலி கொண்டுவர ஓடினார்.

நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த டம்ளர் எங்கே?” என்றார் முதலாளியம்மா. பவுடர் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

“சப்புனு இருக்கு.”

“அதுல ஒண்ணும் இல்லைன்னேனே.”

“சரி. காத்தும் வேணும், தண்ணியும் வேணும். மூணு மெஷின். எப்ப குடுப்பீங்க?”

“காத்து மட்டும்தானே கேட்டீங்க?” என்றாள் பவுடர். பெண் கேட்டு வந்த வீட்டில் பிகு பண்ணுகிற மாதிரி இருந்தது அவள் நின்ற தோரணை. அண்ணி அவள் காலை மிதிக்கப் பார்த்தாள். நுரைக்குள் யார் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மாஸ்டரின் காலை மிதித்துவிட்டாள்.

விலை பேச ஒன்றரை மணி நேரம் ஆனது. அதில் ஒரு மணி நேரம் எல்லாரும் சேர்ந்து தரை கழுவியபடியே பேசியது. மாப்பிள்ளையை அன்றைக்குத் திரும்பக் கொண்டுபோக முதலாளியம்மா விடவில்லை. “மழை நிக்கற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும், நல்லாப் பாத்துக்கறோம்,” என்றார். வீட்டுக்கு வந்த வண்டியில் பின்பக்கம் காலியாகத் தடதடத்தது. “கடைசில வீட்டோட மாப்பிள்ளையா போயிட்டாரு,” என்றான் அண்ணியின் கணவன்.

மூன்று இயந்திரங்கள் செய்து கொடுக்க இரண்டு மாதம் ஆனது. பட்டறை போதாமல் கூடத்துக்கு வந்தார்கள், கூடம் போதாமல் படுக்கையறைக்கு. அவன் லீவு போட்டுத் தகரம் வளைத்தான், விரலில் ஏழு பிளாஸ்டர். பவுடர் சமையலறையில் கிலோக் கணக்கில் பவுடர் தயாரித்தாள். உப்பு டப்பா எது, அவள் டப்பா எது என்று குழம்பிப்போய் ஒரு நாள் யாரும் சாப்பிடவில்லை. இதற்கிடையில் சலவைக்கூடத்து விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, மூடிய நீச்சல்குளம் நடத்துகிற ஒருவர் போன் செய்தார். அவருடைய கட்டடத்துக் கதவெல்லாம் ஈரத்தில் ஊறிப்போய்ச் சாத்தவே முடியவில்லையாம். அடுத்து காகித ஆலைக்காரர். அதற்கடுத்து காளான் வளர்க்கிற ஒரு தம்பதி. அவர்களுக்கு ஈரம் வேண்டும், ஆளை மாற்றிக் கூப்பிட்டுவிட்டார்கள். இருந்தாலும் பவுடர் அவர்களோடு அரைமணி நேரம் பேசினாள்.

முதல் இயந்திரத்தைக் கொண்டுபோகும் முன் கம்பெனியாகப் பதிவு செய்தாக வேண்டும் என்று முதலாளியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு திங்கட்கிழமை காலை இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் படிவத்தை ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தார்.

“பங்குதாரர்கள் ரெண்டு பேரும் என்ன உறவு?”

“நாத்தனார், அண்ணி,” என்றாள் அண்ணி.

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டு பேரும் விருப்பப்பட்டுத்தானே சேர்றீங்க?”

“ஆமாங்க.”

“தொழில் என்ன?”

“காத்து,” என்றாள் அண்ணி. அதே நேரம் பவுடர், “தண்ணி,” என்றாள்.

எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “காத்து, தண்ணி ரெண்டுமே என் லிஸ்ட்ல இல்ல. வேற ஏதாவது சொல்லுங்க.”

“காத்துலேர்ந்து தண்ணி எடுப்போம்,” என்று பவுடர் விளக்க ஆரம்பித்தாள். “எடுத்த பிறகு மிச்சம் இருக்கற காத்தை விப்போம். எடுத்த தண்ணியையும் விப்போம்.”

“தண்ணி எடுத்த காத்தை, தண்ணி எடுத்ததுக்கு அப்புறம்...” எழுத்தர் பாதியில் நிறுத்தினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணிக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. பவுடரைப் பார்க்கக் கூடாது என்று கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜன்னல் எழுத்தரும் எழுந்து வந்து என்ன விஷயம் என்று கேட்டார்.

அவர்கள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்த எழுத்தர், பட்டியலில் விரலை ஓட்டி, “சலவை சார்ந்த கருவிகள்னு ஒண்ணு இருக்கு. போடட்டுமா?” என்றார்.

அண்ணி மெதுவாக நாத்தனாரைப் பார்த்தாள்.

“போடுங்க,” என்றாள் பவுடர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டுப் போடுங்க. இன்னும் சேர்க்க வேண்டியது இருக்கு.”